மூடியைத் திறக்க முடியாத கைக்கு ஒரு ஊசி

முதலில் ஒரு புதிர். ஒருவருக்கு விரல்கள் சரியாக மடங்கவில்லை, எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் அதை அவரே வீட்டில் தன் கையால் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கை சரியாக வேண்டுமென்றால் ஊசி போட வேண்டும். ஊசி போட வேண்டுமென்றால் கை சரியாக இருக்க வேண்டும்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் முடக்குவாதம் வந்தவர்களுக்கு இது நிஜம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே வழிதவறி மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. பெரும்பாலும் விரல்களிலும் மணிக்கட்டிலும்தான் ஆரம்பிக்கும். காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்துப் போயிருக்கும். சட்டைப் பொத்தான், பாட்டில் மூடி, சாவி எல்லாமே எதிரிகள்.

இதற்கான அடாலிமுமாப் போன்ற புதிய வகை மருந்துகள் புரதத்தால் ஆனவை. மாத்திரையாக விழுங்கினால் வயிறு செரித்துவிடும் என்பதால் ஊசி ஒன்றே வழி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில்.

சாதாரண சிரிஞ்சை நர்ஸ் கையாளுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மூடியை இரண்டு விரலால் கிள்ளி இழுப்பார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே சிரிஞ்சைப் பிடித்து, கட்டைவிரலால் பின்தண்டை ஒரே சீராகத் தள்ளுவார். கிள்ளுவது, பிடிப்பது, தள்ளுவது... இந்த மூன்றும்தான் முடக்குவாதக்காரரால் முடியாதவை.

இங்கேதான் தானியங்கி ஊசி வருகிறது. பார்க்கத் தடிமனான பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பிரிங். மூடியைக் கழற்றித் தொடையில் வைத்து அழுத்தினால், ஸ்பிரிங்கே ஊசியை இறக்கி மருந்தையும் தள்ளிவிடும். ஊசி கண்ணில் படுவதே இல்லை.

இதன் பூர்வீகம் சுவாரசியமானது. ஒவ்வாமையால் உயிர் போகும் நிலையில் போடப்படும் எபிபென், விஷவாயுத் தாக்குதலில் ராணுவத்தினர் தாங்களே மாற்று மருந்து போட்டுக்கொள்ள 1970களில் அமெரிக்காவில் ஷெல்டன் கப்லான் என்ற பொறியாளர் உருவாக்கிய கருவியிலிருந்து பிறந்தது. 1987ல் அனுமதி பெற்று மருந்துக் கடைக்கு வந்தது. பதற்றத்தில் நடுங்கும் கைக்கு நுணுக்கமான வேலை கொடுக்க முடியாது. அதனால் முஷ்டியால் பிடித்துத் தொடையில் குத்தும்படி செய்தார்கள். வலுவுள்ள கைக்கு நடுக்கத்தால் முடியாதது, இங்கே வலுவே இல்லாத கைக்கு முடியவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: விரல் வேலையை முஷ்டிக்கு மாற்று.

அதிலும் ஒரு பாடம் உண்டு. பழைய எபிபென்னில் ஒரு முனை சாம்பல் நிறம், இன்னொன்று கறுப்பு. ஊசி எந்தப் பக்கம் என்று அவசரத்தில் தெரியாமல் சொந்தக் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உண்டு. 2009ல் வந்த புது வடிவில் ஊசி முனை ஆரஞ்சு, மூடி நீலம். ஊசி வெளியே வந்ததும் அதை மூடிக்கொள்ளும் உறையும் வந்தது. தப்பு கையில் இல்லை, வடிவத்தில் இருந்தது!

"சரி, ஸ்பிரிங் வைத்தாச்சு, பிரச்சினை தீர்ந்தது" என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஊசி மெலிதாக இருந்தால்தான் வலிக்காது. ஆனால் இந்த மருந்துகள் பல, தண்ணீரைவிடக் கெட்டியானவை. துளையின் விட்டம் பாதியானால், அதே வேகத்தில் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்காக ஸ்பிரிங்கைப் பலமாக்கினால் கருவி கையில் துள்ளும், உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் உடையவும் வாய்ப்புண்டு. மூடியும் அப்படித்தான். மருந்து கெடாமல் இருக்க அது இறுக்கமாக இருக்க வேண்டும். நோயாளி திறக்க அது லேசாக இருக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம் இது. பேரத்தில் யார் பக்கம் பேச ஆளில்லையோ அவர் பக்கம்தான் நஷ்டம்.

அந்தப் பக்கம் பேச ஒருமுறை ஆள் வந்தது சமையலறையிலிருந்து! அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபரின் மனைவி பெட்ஸிக்கு கைகளில் மூட்டுவலி. காய்கறித் தோல் சீவும் கருவியைப் பிடிக்கவே சிரமப்பட்டார். "இதை ஏன் வேறு மாதிரி செய்யக்கூடாது?" என்ற கேள்வியிலிருந்து, 1990ல் ஆக்ஸோ என்ற நிறுவனத்தின் தடித்த ரப்பர் கைப்பிடிக் கருவிகள் பிறந்தன. அவற்றை "நோயாளிகளுக்கு" என்று விற்கவில்லை, எல்லோருக்கும் விற்றார்கள். எல்லோரும் வாங்கினார்கள். பலவீனமான கைக்குச் செய்தது பலமான கைக்கும் பிடித்துப்போனது.

பின்னாளில் பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனம், சிம்சியா என்ற முடக்குவாத மருந்தின் சிரிஞ்சை வடிவமைக்க இதே ஆக்ஸோவைத்தான் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. 2009ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி பெற்ற மருந்து அது. மூடியில் ஒரு வளையம், அதனால் கிள்ள வேண்டாம், விரலை நுழைத்து இழுத்தால் போதும். கட்டைவிரலுக்கு அகலமான திண்டு. வழுக்காத பிடி. ஸ்பிரிங்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. உருளைக்கிழங்கு தோல் சீவக் கற்றுக்கொண்டது மருந்துக்கு வந்து சேர்ந்தது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு விசித்திரம் தெரியும். தோல் சீவும் கருவி பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை வேறு வாங்கலாம். மருந்து ஊசியில் அப்படி முடியாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் மருந்தைத் தேர்வு செய்வது டாக்டர், பணத்தின் பெரும்பகுதியைக் கட்டுவது காப்பீட்டு நிறுவனம், கருவியை முடிவு செய்வது மருந்து நிறுவனம். பயன்படுத்துகிறவருக்கு மட்டும் இதில் ஓட்டு இல்லை. சந்தை தானாகச் சரிசெய்யும் என்று பாடப்புத்தகம் சொல்வது இங்கே எடுபடாது.

அதனால்தான் விதி வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய கருவிகளை அவற்றைப் பயன்படுத்தப்போகிறவர்களைப் போன்றவர்களிடமே கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு வகைப் பயனாளிகளிலும் குறைந்தது 15 பேர். அதாவது, ஆரோக்கியமான இன்ஜினியரின் கையில் வேலை செய்தால் போதாது. மூட்டு வீங்கிய கையிலும் வேலை செய்ய வேண்டும்.

15 பேர் என்பது சின்ன எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த 15 பேரில் ஒருவர் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தால், அதைப் பார்த்த வடிவமைப்பாளர் அந்த மூடியை மறுபடி அப்படியே செய்ய மாட்டார்.

வலி குறைவது மட்டுமே இதில் லாபம் இல்லை. ஊசி நாள் வரும்போதெல்லாம் பிள்ளையோ கணவரோ வீட்டுக்கு வரும்வரை ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த ஒருவர், ஒருநாள் தானே எடுத்து, தானே போட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்டு நிமிர்கிறார் என்றால் அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதுவது, எதில் வரவு வைப்பது?