வெறிச்சோடிய பஞ்சாரங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மாடு இறந்தால் ஊரார் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். ஆடு இறந்தால் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். கோழி இறந்தால் மட்டும், 'முன்னாலேயே அடித்துக் குழம்பு வைத்திருக்கலாமே' என்கிறார்கள். கோழிக்காகக் கண்ணீர் விடுவது நகைப்புக்குரியது என்பது உலக வழக்கம். ஒரே வாரத்தில் இருபத்து மூன்று கோழிகளைக் குழியில் இட்டு மண்ணைத் தள்ளிய ஒரு வீட்டின் கதையைக் கேட்டால், என் கல்லூரித் தோழர்கள் அவ்வாறு நகைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி. அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் பணம் அரிசிக்கும் கடனுக்கும் சரியாகப் போய்விடும். கோழிகள் அம்மாவின் சொத்து. முட்டை விற்ற காசையும் சேவல் விற்ற காசையும் அவர் ஒரு பழைய மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருப்பார். அதற்கு அப்பாகூடக் கணக்குக் கேட்டதில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது, கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்துக்காக மூன்று சேவல்கள் ஒரே நாளில் விலை போயின. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை மிதிக்க வைத்தவை அந்தச் சேவல்கள்.

அம்மா கோழி வளர்ப்பதைப் பார்க்க வேண்டும்! அடை வைக்கும் நாளில் கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குவார். இடி இடித்தாலும் கூமுட்டை ஆகாதிருக்க ஓர் இரும்புத் துண்டும் ஓர் அடுப்புக்கரியும் பக்கத்தில் வைப்பார். இருபத்தோராம் நாள் விடியற்காலையில் ஓட்டைக் கொத்தும் ஓசை கேட்கிறதா என்று கூடையருகே காது வைத்துக் கேட்பார். கருப்பி, செவலை, புள்ளிக்காரி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 'பா... பா...' என்று அவர் அழைத்தால், அடுத்த தெருக் குப்பைமேட்டிலிருந்தும் ஓடி வரும்.

2025ஆம் ஆண்டு மாசிக் கடைசியில் ஒருநாள், பஞ்சாரத்தைத் தூக்கியும் புள்ளிக்காரி வெளியே வரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது; வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறியது. மூன்றாம் நாள் பெரிய சேவலின் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஊரையே கூவி எழுப்பிய அந்தச் சேவல், தலையைத் தன் முதுகில் சாய்த்துக்கொண்டு இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தது. அம்மா சின்ன வெங்காயத்தையும் மிளகையும் சீரகத்தையும் அரைத்து உருட்டி, ஒவ்வொன்றின் வாயையும் திறந்து ஊட்டினார். இரவெல்லாம் கொல்லையில் விளக்கு எரிந்தது. விடிந்தால் இரண்டு, மூன்று என்று கிடக்கும்.

நான்காம் நாள் கோழி வியாபாரி சைக்கிளை நிறுத்தினார். "அக்கா, உசுரோட கெடக்குறத எல்லாம் பாதி வெலைக்குக் குடுத்துடுங்க. நாலு காசாவது மிஞ்சும்" என்றார். வீட்டில் அன்று பால் வாங்கக்கூடக் காசில்லை. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சீக்குக் கோழிய வித்த காசுல எம்மக படிக்க வேணாம் தம்பி. நீங்க போங்க" என்றார்.

இருபத்து நான்கில் மிஞ்சியது கருப்பி மட்டும். அதற்கும் கழுத்து கோணிவிட்டது.

இதைவிடப் பெரிய துயரம் பிறகுதான் வந்தது. கல்லூரிக்காக விற்ற மூன்று சேவல்களில் ஒன்று, முனி கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாம். "சாமிக்கு விட்டத வித்துப் பொம்பளப் புள்ளையப் படிக்க வச்சா சும்மா விடுமா?" என்று தெருவில் பேசினார்கள். அம்மா மறுத்துப் பேசவில்லை. நான் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் முகம் வாடும். கோழிகளை இழந்ததை என்னால் தாங்க முடிந்தது. என் படிப்பே அவற்றைக் கொன்றதென்று அம்மா உள்ளுக்குள் நம்பியதைத் தாங்க முடியவில்லை.

நான் கண்ட அறிகுறிகளை எழுதிக்கொண்டுபோய் எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதற்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். வைரஸால் வருவது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் தென்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நிலைத்தது. வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. வராமல் தடுக்க ஊசி உண்டு. அந்தத் தடுப்பூசிகளில் ஒன்று, அதே குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவானது. எச்சத்திலும் சளியிலும் வெளியேறும் வைரஸ், கூடைகளிலும் மனிதர் காலடியிலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். நோயுற்ற கோழிகளைச் சந்தைக்கு விற்பது நோயையே விற்பதாகும் என்று படித்தபோது, பள்ளிக்கூடம் அறியாத என் அம்மாவை நினைத்துக் கண் கலங்கிவிட்டேன்.

அன்றிரவு எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தவர், "அப்ப சாமி கோவிச்சுக்கலையா பாப்பா?" என்றார். "இங்கிலாந்துக் கோழிய எந்த முனி கோயிலுக்கும்மா நேர்ந்துவிட்டாங்க?" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதும்விட்டார்.

பஞ்சாரங்களைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். கொல்லையில் சுண்ணாம்பு தூவினோம். மூன்று மாதம் கழித்துத்தான் இரண்டு விடைக்கோழிகள் வாங்கினோம். ஊசிக்காகக் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது இன்னொரு செய்தி தெரிந்தது. ஒரு குப்பி மருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளுக்கு வரும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டு கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? ஆகவே நானும் அம்மாவும் வீடு வீடாகப் போனோம். முனியின் கோபம் பற்றிப் பேசிய வீட்டுக்கும் போனோம். குறித்த நாளில் பதினெட்டு வீட்டார் விடிந்தும் கூட்டைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டு வாரமானால் இறக்கையடியில் ஊசி என்ற கணக்கை அம்மா இப்போது நாட்காட்டியில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்கிறார். அடைக்கூடையில் இரும்பும் கரியும் இன்றும் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்படி நான் சொல்லவில்லை.

நோயின் பெயரை அறிந்ததால் செத்த கோழிகள் திரும்பவில்லை. மஞ்சள் பையும் இன்னும் நிறையவில்லை. ஆனால் ஓர் ஏழைத் தாயின் தலைமேல் விழுந்த பழி இறங்கிவிட்டது. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வரிகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு தோழர்களே! நம் வீடுகளில் பலவற்றுக்குப் பெயர் தெரியாமல் பெற்றோர் தம்மையே நொந்துகொண்டிருக்கிறார்கள். படித்த பக்கத்தை ஒரு மாலையேனும் அடுப்படியில் அமர்ந்து அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.