தகரக் கச்சேரி

மவுண்ட் ரோடிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறதே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கே பர்ஸோடு போகிறவன் பர்ஸோடு மட்டும்தான் திரும்புவான். உள்ளே ஒன்றும் இருக்காது! சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர் என்று காருக்கு நகை பூட்டும் தெரு. பாதி வேலை கடைக்குள்ளே, மீதி ரோட்டோரத்தில்.

போன வருஷ போனஸில் என் பழைய ஸ்விஃப்ட்டுக்கு இங்கேதான் பன்னிரண்டு இன்ச் சப்-ஊஃபரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டினேன். முதல் நாள் ராஜபோகம். இரண்டாம் நாள்தான் உறைத்தது. சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது பாட்டுக்காக அல்ல, டிக்கி போட்ட கூச்சலுக்காக. ஸ்பீக்கர் மாட்டக் கதவு பேடைக் கழற்றியவர்கள் கிளிப்பையும் உடைத்திருக்கிறார்கள். பாட்டை நிறுத்தினாலும் பள்ளத்துக்குப் பள்ளம் கடகடா.

அப்பாவுக்கு வலது காது மந்தம். காரில் உட்கார்ந்தால் அந்தக் காதுதான் என் பக்கம். மாசாமாசம் செக்கப்புக்கு நான்தான் கூட்டிப் போவேன். ஒருநாள், "இனிமே ஆட்டோவுலயே போய்க்கறேன்டா" என்றார்.

"பாட்டைக் குறைச்சிடறேம்ப்பா."

"பாட்டு கெடக்கட்டும். நீ பேசறது ஒண்ணும் காதுல விழலையே."

சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமையே வண்டியை அதே தெருவுக்கு விட்டேன்.

முதல் கடையில், "முழு வண்டிக்கும் ஷீட் ஒட்டணும் சார், முப்பத்தெட்டாயிரம்" என்றார்கள். பி.காம். படித்தவனல்லவா? மனசுக்குள் லெட்ஜரைப் புரட்டிவிட்டு நைஸாக நழுவினேன்.

நாலு கடை தள்ளி ஒரு பாய். விலையே பேசவில்லை. செல்போனை ஸ்டீரியோவில் இணைத்து, சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஒரு 'ஊம்'மை ஓடவிட்டு, மெள்ள மெள்ள ஏற்றினார். 40 ஹெர்ட்ஸ் தாண்டியதும் பின்னாடி 'டர்ர்ர்'. ஓடிப்போய் நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்தினார். கப்சிப்! பிளேட்டுக்குப் பின்னால் நாலு துண்டு ஃபோம். என் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்தது.

"முதல்ல கண்டுபிடிக்கணும் சார், அப்புறம்தான் ஒட்டணும்" என்றார். கதவுத் தகரத்தை விரலால் தட்டச் சொன்னார். 'டங்' என்றது. ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பிசுபிசு ப்யூட்டைல் ரப்பருமாக இருந்த ஷீட்டை நடுவில் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தார். இப்போது 'டொக்'. தகரம் அதிரும் வேகத்தை ரப்பர் விழுங்கிவிடுகிறது. இண்டு இடுக்கெல்லாம் ஒட்ட வேண்டாமாம், ஆடுகிற தகரத்தில் பாதி மூடினாலே போதுமாம். கூரைக்குப் போடும் தார் ஷீட் மலிவாச்சே என்றேன். "நம்ம ஊர் வெயிலுக்கு உருகி நாறும் சார்!"

கதவின் உள்தகரத்தில் இருந்த பெரிய ஓட்டைகளையும் மூடினார். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அது வழியாக வந்து முன்பக்க பாஸைத் தின்றுவிடுகிறதாம். கதவுக்கு அடியில் இருக்கும் மழைத்தண்ணீர் ஓட்டைகளை மட்டும் தொடவில்லை. அதையும் அடைத்தால் கதவு அண்டாவாகிவிடும், அப்புறம் துருதான். கடைசியாகப் புது கிளிப்புகள்.

"டயர் சத்தம் முழுசாப் போகாது சார்" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே ஆறாயிரத்து ஐந்நூறைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

அடுத்த செக்கப்புக்கு அப்பா முன் சீட்டில் ஏறினார். ஜெமினி மேம்பாலம் வரை பேச்சோ பேச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் நான் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தார். இறங்குகிற சமயம் மெள்ளக் கேட்டார்:

"ஏன்டா, இந்தப் பாட்டுப் பெட்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

எனக்குக் காது கேட்கவில்லை.