கிணற்றடி ஆங்கிலம்

பிறமொழியொன்றை வாசித்து விளங்குதல் வேறு, அம்மொழியில் வாய் திறந்து பேசுதல் வேறு என்பதை முதலாம் வருடத்துக் கருத்தரங்கொன்றில் அறிந்தேன். ஆங்கிலத்தில் ஒரு சிறு வினா என்னை நோக்கி வந்தது. விடை தெரியும், அதற்குரிய சொற்களும் தெரியும். ஆயினும் தமிழில் எழுந்த வாக்கியத்தை உள்ளத்துள் மொழிபெயர்த்து, வினையின் காலத்தைச் சரிபார்த்து, நாவிற்குக் கொணருமுன் வினா அடுத்தவரிடம் சென்றுவிட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவள் நான். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று குறிப்பிடுவர். அப்பெயரின் பொருத்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தெல்லிப்பழையில் இருந்துகொண்டு ஆங்கிலம் பேசிப் பழக ஆளில்லை என்பது ஒருவகையில் நகைப்பிற்குரியதே. அமெரிக்க மிசனரியாகிய டானியல் பூவர் 1816இல் வந்து தங்கிப் பள்ளி தொடங்கிய ஊர் இது. இன்றைய யூனியன் கல்லூரி அதன் வழிவந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இங்குள்ள மிசன் பாடசாலையிற் கற்று, வட்டுக்கோட்டைச் செமினரிக்குச் சென்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பூவரோ தமிழிற் பிரசங்கம் செய்யுமளவிற்குத் தேறினார். அவர் தமிழ் பேசிப் பழக ஊர் முழுவதும் இருந்தது. எனக்கு அவ்வசதி இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஆங்கிலம் சரளமாகப் பேசிய முதியவர்கள் மறைந்துவிட்டனர். 1990இல் இடம்பெயர்ந்த அவர்களின் பிள்ளைகள் கடல் கடந்து போயினர்.

ஆகவே கிணற்றடியைத் தேர்ந்தேன். அங்கே வாழைகளைத் தவிர வேறெவரும் கேட்பதில்லை.

முதலிற் செய்தது, கைத்தொலைபேசியில் பி.பி.சி. செய்தியை ஒலிக்கவிட்டு, வாசிப்பவரின் குரலை அரைநொடி பின்தங்கி நிழல்போலத் தொடர்ந்து சொல்வது. பொருளைப் பற்றிக் கவலையில்லை, ஓசையே நோக்கம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராக ஒலிக்கும் நமக்கு ஆங்கிலத்தின் அழுத்தம் பிடிபடுவது கடினம். 'போட்டோகிராப்' என்பதில் முதலசையில் விழும் அழுத்தம் 'போட்டோகிராபர்' என்றதும் இரண்டாம் அசைக்குத் தாவிவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சு எனக்குக் கைகொடுத்தது. 'வெற்றி', 'காற்று' என்னும் சொற்களில் நாம் ஒலிக்கும் றகரம் ஆங்கிலேயரின் 'ரீ' எழுத்தொலிக்கு மிக அண்மையது. இதனை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்தது, நியூசிலாந்து அறிஞர் போல் நேசனின் எழுத்துக்களாற் பரவிய முறை. ஒரே விடயத்தை முதலில் நான்கு நிமிடத்திலும், பின்னர் மூன்றிலும், அதன்பின் இரண்டிலும் சொல்லவேண்டும். உண்மையில் ஒவ்வொரு முறையும் கேட்பவர் மாறவேண்டும். நான் வாழையை மாற்றிக்கொண்டேன். வேடிக்கையாகத் தோன்றினும் பயன் இருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போது சொற்களைத் தேடவேண்டியிருப்பதில்லை. மொழிபெயர்க்க நேரமில்லாமையால் மனம் மொழிபெயர்ப்பதையே கைவிட்டுவிடுகிறது.

ஒருநாள் அம்மம்மா பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, ஆரோடை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை அம்மம்மா. இங்கிலிஷ் பழகிறன்."

"கிணறு மறுமொழி சொல்லுமோ?"

அக்கேள்வி என்னைச் சிறிது வருத்தியது. தனித்த பயிற்சி நாவின் கூச்சத்தைப் போக்கியது மெய். ஆனால் எதிரில் இருப்பவர் இடைமறித்தால் என்ன செய்வது என்பதை அது கற்பிக்கவில்லை.

அதற்கான சோதனை கருத்தரங்கில் நிகழவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மாமா சனிக்கிழமைகளில் காணொளி அழைப்பில் வருவார். அவருடைய ஏழு வயது மகனுக்கு ஆங்கிலமே வாய்மொழி; தமிழிற் சில சொற்கள் மாத்திரம் தெரியும். அம்மம்மா ஒவ்வொரு வாரமும் "சாப்பிட்டியோ ராசா?" என்பார். அவன் தலையசைப்பான். அதற்குமேல் இருவருக்கும் வழியில்லை. அவருக்கோ எண்பத்து மூன்று வயது. பேரனோடு தலையசைப்பிலேயே உறவு முடிந்துவிடுமோ என்ற எண்ணம், நான் கருத்தரங்கில் அடைந்த வெட்கத்தைக் காட்டிலும் பெரிதாக எனக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை நான் முன்வந்தேன். எங்கள் ஊரைப் பற்றி நான்கு, மூன்று, இரண்டு என்று சுருக்கிப் பழகிய உரையைத் தடங்கலின்றிச் சொன்னேன். கோயில், புகையிரத நிலையம், 1816 எல்லாம் அதில் இருந்தன. அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு ஆங்கிலத்தில், "அக்கா, ஏன் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுறீங்கள்?" என்றான்.

மாமா சிரித்தார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னவாம்?" என்றார் அம்மம்மா. மறைக்காமற் சொன்னேன்.

"அப்ப செய்தியை விட்டிட்டு, ஆடு குட்டி போட்டதைச் சொல்லு."

அதற்கு நான் பயிற்சி செய்திருக்கவில்லை. வினையின் காலம் பிழைத்தது. குட்டியை ஈன்றது என்பதற்குரிய சொல் வரவில்லை. 'நேற்று ஆட்டுக்குப் பிள்ளை வந்தது' என்பது போல ஏதோ சொன்னேன். அவன் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, எத்தனை குட்டி, என்ன நிறம், எழுந்து நடக்கின்றனவா என்று அடுத்தடுத்துக் கேட்டான். அம்மம்மா ஒவ்வொன்றிற்கும் விடை சொல்ல, நான் தடுமாறித் தடுமாறி அவனிடம் சேர்ப்பித்தேன். கடைசியில் குட்டியைக் காட்டும்படி கேட்டான். தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அம்மம்மாவும் நானும் கொட்டிலுக்குப் போனோம்.