ஆறாவது கூடு

குளுவாங் நகருக்கு அப்பால் இருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாராகப் பணியாற்றியவர் அவர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஓராண்டு நிறையுமுன்னரே, துணைப் போலீஸ்காரர் என்ற முறையில் அவர் கைக்கு ஒரு சுழல் துப்பாக்கி வந்து சேர்ந்தது. சம்பளப் பணத்தோடு திரும்புகிறவர் வெறுங்கையராய் வரலாகாது என்று துரை கருதினார்.

அதுவரை அவர் அறிந்ததெல்லாம் காட்டுப்பன்றி விரட்டும் இரட்டைக்குழல் துப்பாக்கிதான். அது தோளில் உதைக்கும் உதையை எண்ணி அஞ்சியவாறே முதல் குண்டைச் சுட்டார். கை சற்றே மேலெழுந்து தாழ்ந்தது; அவ்வளவே! வெள்ளைக்காரன் அறிந்து செய்த மென்மை அது. முதல் உலகப் போரில் அவன் ஏந்திய 455 ரகத் துப்பாக்கி, பழக்கமற்றவர் கையில் துள்ளியது. அதனால் பின்னர் 38 ரகத்துக்கு மாறி, 200 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டை விநாடிக்குச் சுமார் 190 மீட்டர் என்ற நிதான வேகத்தில் செல்லவிட்டான். இரண்டொரு மாதத்தில், ஞாயிறு மாலைகளில் தகர டப்பாவைக் குறிவைப்பது கிராணியாருக்கு இனிய பொழுதுபோக்காயிற்று.

அத்தோட்டாவின் அடியில், நடுமையத்தில் கேப்பு இருக்கும். சுட்ட கேப்பைத் தட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தி, மருந்தைக் குறைவாக அளந்திட்டு, வார்த்த ஈயக் குண்டை அழுத்தினால் பித்தளைக் கூடு மீண்டும் தோட்டாவாகிவிடும். விளிம்பில் மருந்து கொண்ட சிறு தோட்டாக்களுக்கு அந்த மறுபிறவி இல்லை. சீமையில் சிலர் வீட்டிலேயே இதைச் செய்வதாகத் துரை சொல்லக் கேட்டதிலிருந்து கிராணியாருக்கு உள்ளூர ஓர் ஆசை. மிகமிக மென்மையான தோட்டா ஒன்றைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்! நடவாத ஆசைதான். அனுமதியின்றி ஒரு தோட்டா வைத்திருந்தாலும் தூக்கு என்று சட்டம் இருந்த காலம் அது.

அவ்வாண்டு மே 4ஆம் நாள், பான் மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நேருவின் அரசாங்கம் விடுத்த வேண்டுகோளும் அவர் உயிரைக் காக்கவில்லை. லயத்தில் அன்று பலர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கிராணியார் தம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கும் ஆறுதான்.

அடுத்த ஞாயிறு பழக்கத்தின்படி சுட்டார். துப்பாக்கியை மடக்கித் திறந்தபோது ஆறு கூடுகளும் ஒருசேரத் தெறித்து விழுந்தன. பொறுக்கியெடுத்தவை ஐந்து. சுட்ட கூடுகளையும் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். லாலாங் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். பொழுது சாய்ந்தது. மனைவி விளக்கோடு வந்தார்.

“விடியட்டுங்க, பாத்துக்கலாம்.”

“விடியறதுக்குள்ள வேற யாராவது எடுத்துட்டா?”

அம்மையார் மறுபேச்சின்றி மண்டியிட்டார். கால்வாய் ஓரத்து ஈரமண்ணில் அவர் விரலுக்குத்தான் அது தட்டுப்பட்டது. அன்றிரவு ஆறு கூடுகளையும் முறத்தில் இட்டு, கணவர் காண, இருமுறை எண்ணிவைத்த பிறகே அவர் உலையேற்றினார்.