பாடிப் போகிறவர்கள்

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் எந்த ஊரில் கொடைத் திருவிழா என்று கோயிலில் போய்க் கேட்கவேண்டியதில்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கபடிப் போஸ்டர் சொல்லிவிடும். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே பரிசுத் தொகை, சுழற்கோப்பை வழங்குபவர், நன்கொடையாளர்களின் படங்கள். ஊரில் உள்ள முகமெல்லாம் அதில் இருக்கும், ஆடுகிறவன் முகத்தைத் தவிர. ஓரத்தில் பொடி எழுத்தில் எடை வரம்பு இத்தனை கிலோ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். ஆட்டக்காரர்கள் முதலில் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான்.

நான் போயிருந்த ஊருக்குத் தராசு வாழைக்காய் மண்டியிலிருந்து வந்திருந்தது. பகலில் தார் நிறுத்த தராசில் இருட்டுகிற நேரம் பையன்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அன்றைய வரம்பு 65 கிலோ. ஒருவனுக்கு முள் கொஞ்சம் கூடக் காட்டியது. மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவனுடைய அண்ணன் கமிட்டியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் அசையவில்லை. “எலே, இன்னும் நாலு ரவுண்டு ஓடிட்டு வா. தராசு எங்கயும் போயிராது” என்றார். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பி, கடைசியில் வரம்புக்குள் வந்து சேர்ந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவனுடைய டீம் இறங்கும்போது உதடு வெடித்திருந்தது.

எடை வரம்பு வேண்டாத ஒன்று என்று சொல்லமாட்டேன். தேசிய அளவில் ஆண்கள் அணிக்கு 85 கிலோ என்று ஒரு கோடு இருக்கிறது. ஊர்ப் போட்டிகளில் அதைவிடக் கீழே வரம்பு வைப்பதால்தான் ஒல்லியான பையன்களுக்கும் களம் கிடைக்கிறது. ஆனால் உடம்பை ஒரே நாளில் காயவைத்து அப்படியே நள்ளிரவில் மோதவிடுவதைப் பயிற்சி என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

இந்தப் பையன்களைக் காலையில் பார்க்கவேண்டும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிரியும் தண்ணீரில்தான் சுற்றுவட்டார வாழை நிற்கிறது. வாழை வெட்டு இருக்கும் நாளில் தோட்டத்திலிருந்து லாரிக்குத் தார் சுமப்பதுதான் இவர்களில் பலருக்கு வேலை. தோளும் இடுப்பும் அப்படி உரமேறியவை. வேலைக்கு முன்னால், விடிகிற நேரத்தில், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வாய்க்கால் ஓரத் திடலில் அவர்களைச் சேர்க்கிறார். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுண்ணாம்புப் பொடியில் கோடு. மண்ணைக் கிளறி, கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். “களத்தைத் தயார் பண்ணத் தெரியாதவன் ஆடத் தெரியாதவன்தான்” என்பது வாத்தியாரின் கொள்கை. கல் பொறுக்காமல் தாமதமாக வந்தவனுக்கு அன்று பாடப் போகும் வாய்ப்பு கிடையாது.

பார்ப்பவர்களுக்குக் கபடி என்றால் பாடிப் போகிற ரைடர்தான். எதிரணியின் ஏழு பேர் நிற்கும் இடத்துக்குள் ஒருத்தன் மட்டும் போகிறான். 30 விநாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. அதைத் தாண்டாமல் சும்மா திரும்பினால் ஆளே அவுட். அதற்கும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. தொடர்ந்து இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பிவிட்டால், மூன்றாவது தடவை போகிறவன் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் வெளியே. அதற்கு ‘டூ ஆர் டை’ என்று பெயர். பல்லுப் போன பாட்டிகூட அந்த நேரத்தில் “லே, டூ ஆர் டைலே!” என்று எழுந்து நிற்பதைக் கண்டேன்.

ஆனால் வாத்தியார் என்னைப் பார்க்கச் சொன்னது மூலையில் நிற்கும் இடது கார்னரை. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் வலது பக்கமாகப் பாய்கிறவர்கள். அவர்களுடைய கணுக்காலுக்கு மிக அருகில் நிற்பவன் அவன்தான். “அவன் கையைப் பாத்தா ஏமாந்திருவ. கண்ணைப் பாத்தாலும் ஏமாந்திருவ. குதிகாலைப் பாரு. எடை எந்தக் கால்ல எறங்குதோ, அந்தக் கால்தான் உனக்கு” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். எடை இறங்காத காலைப் பிடித்தால் உதறிக்கொண்டு போய்விடுவான். இறங்கிய காலைப் பிடித்தால் ஒரு கணம் அவனால் அசைய முடியாது. அந்த ஒரு கணத்துக்குள் பக்கத்தில் நிற்கும் கவர் வந்து மூடவேண்டும். கார்னரும் அவனுக்கு அடுத்தவனும் கைகோத்து நிற்பது இதற்காகத்தான். நான் பாய்கிறேன் என்பதை வாயால் சொல்ல முடியாது, உள்ளங்கையை ஓர் அழுத்து அழுத்துவான். அடுத்தவன் அதற்குள் கிளம்பியிருக்கவேண்டும். அரை விநாடி பிந்தினால், பிடித்தவனும் சேர்ந்து இழுபட்டு, எதிரணிக்கு இரண்டு புள்ளி. நான்கு வருடமாக ஒரே கையைப் பிடித்து நிற்கும் இருவர் அந்த டீமில் இருந்தார்கள். களத்துக்கு வெளியே அவர்களுக்குள் அவ்வளவாகப் பேச்சு இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் கற்றவன் எங்கே போகிறான்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் வந்தது.

இந்த மண்ணில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. குரும்பூர் பக்கத்து மணத்தி கிராமத்தின் கணேசன். சன் பேப்பர் மில் அணியில் ஆடி, பிறகு மின்வாரிய அணிக்குப் போய், இந்திய அணிக்குள் நுழைந்தவர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்ததே 1990 பெய்ஜிங்கில்தான். அதற்கு அடுத்த ஹிரோஷிமா போட்டியில், 1994-இல், தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். அர்ஜுனா விருதும் வந்தது. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 தீபாவளிக்கு வெளியானது. இயக்குநரும் இதே வட்டாரத்துப் புளியங்குளத்துக்காரர். படம் வந்த பிறகு கபடி கற்க வரும் பொடியன்களின் கூட்டம் கூடியிருக்கிறது என்றார் வாத்தியார். எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கணேசன் ஏறிய வரிசையைக் கவனியுங்கள்: ஊர் அணி, மில் அணி, வாரிய அணி, இந்திய அணி. ஒவ்வொரு படியிலும் ஆட்டத்தோடு சம்பளமும் இருந்தது. இங்கே ஒரு பையனிடம் “என்ன ஆகணும்?” என்று கேட்டால், “இந்தியாவுக்கு ஆடணும்” என்று பதில் வருவதில்லை. “போலீஸ் டீம்ல எடுத்தா போதும் அண்ணாச்சி” என்கிறான். ரயில்வே, வங்கி என்று இன்னும் சில பெயர்கள் சொல்வான். அவனுக்கு மேல் மட்டம் என்பது மாதச் சம்பளம் வரும் டீம்.

தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதைத் தொடவேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஒரு படிவம், பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் வேறொரு படிவம், பள்ளி அளவில் என்றால் இன்னொன்று. இடது கார்னர் பையன் வீட்டில் மரப் பலகை முழுக்கக் கோப்பைகள். இடம் போதாமல் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தன. அத்தனையும் கொடைப் போட்டிகளில் வாங்கியவை. அலுவலகத்தில் அவற்றில் ஒன்றுக்கும் மதிப்பில்லை. மாவட்ட அணிக்குத் தேர்வாகி, மாநிலப் போட்டியில் ஆடி, அங்கிருந்து தமிழ்நாட்டு அணியின் 12 பேரில் ஒருவனாக வந்தால்தான் அந்தப் படிவம் கிடைக்கும். “கப்பை எடைக்குப் போட்டா ஒரு மாசம் பால் வாங்கலாம்” என்று அவனுடைய அம்மா சிரித்தார். பையன் சிரிக்கவில்லை.

2014-இல் ப்ரோ கபடி லீக் வந்தது. 2017-இல் தமிழ் தலைவாஸ். இது கணேசன் காலத்தில் இல்லாத கதவு. 2024 ஏலத்தில் ரைடர் சச்சின் தன்வரை 2.15 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. அந்த ஏலத்தில் கடைசிப் பிரிவு ஆட்டக்காரனின் அடிப்படை விலையே 9 லட்சம். தார் சுமக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லவேண்டியதில்லை. ஏலத்தில் பெயர் வராத இளைஞர்களை எடுப்பதற்கென்றும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கான தேர்வு முகாம்களுக்கு இந்த ஊர்களிலிருந்து பையன்கள் கடன் வாங்கி ரயிலேறுகிறார்கள்.

முகாமில் அவர்களை மறிப்பது மேட். இங்கே மண்ணில், வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். அங்கே செயற்கை விரிப்பு, ஷூ. போய்த் திரும்பிய ரைடர் ஒருவன் எனக்குக் காலை ஊன்றிக் காட்டிச் சொன்னான்: “மண்ணுல திரும்பினா பாதமும் கூடச் சறுக்கித் திரும்பும் அண்ணாச்சி. மேட்ல ஷூ அப்படியே பிடிச்சுக்கிடும். மேல் உடம்பு திரும்பிரும், பாதம் திரும்பாது. நடுவுல முட்டுதான் மாட்டுது.” முழங்கால் ஜவ்வு அறுந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தவன் அவன். 2022-இல் 2.26 கோடிக்கு வாங்கப்பட்ட பவன் செஹ்ராவத்தே தமிழ் தலைவாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். அவருக்கு அணி இருந்தது, மருத்துவர் இருந்தார். இவனுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்ட வைத்தியர் இருந்தார்.

மேட்டைச் சமாளித்தாலும் தேர்வு முறை என்று ஒன்று இருக்கிறது. கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனாலும் அதில் ஒன்றைக் கண்டு பொறாமையாக இருக்கிறது. மேல் மட்டத் தொடருக்குப் போக அவர்கள் தகுதிச் சுற்று வைக்கிறார்கள். பல சுற்று ஆடி, அடித்த அடிகளைக் கூட்டி, குறைவாக அடித்தவர்களுக்கு அடுத்த ஆண்டு ஆட அனுமதி அட்டை. 2003-இல் அர்ஜுன் அத்வால் அப்படித்தான் அமெரிக்கத் தொடருக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். பெங்களூரில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்த முனியப்பா, 2009-இல் இந்தியன் ஓபனையே வென்றார். பணக்கார விளையாட்டுதான், நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் இந்தப் பையன்களை மலைக்கவைக்கும். ஆனால் எத்தனை அடி என்பதில் வாக்குவாதம் கிடையாது.

கபடித் தேர்வில் அந்த எண்ணிக்கை இல்லை. முன்பின் தெரியாத ஏழு பேரைச் சேர்த்துச் சில நிமிடம் ஆடவிடுகிறார்கள். கார்னரின் உள்ளங்கை அழுத்தத்தை அறியாத யாரோ ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். கார்னர் சரியாகத்தான் பிடிப்பான், கவர் வரமாட்டான், பிடி நழுவும். பார்க்கிறவர் குறிப்பேட்டில் கார்னருக்குத்தான் கோடு போடுவார். “ட்ரையல்ல எல்லாவனும் ரைடர் ஆயிருதான். பாடிப் போனாத்தான கண்ணுல படும்?” என்றார் வாத்தியார். நல்ல பிடிகாரர்கள் இதனால் வீணாகிறார்கள் என்பது அவர் வருத்தம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

களத்துக்கு வெளியே இன்னொரு கணக்கும் ஓடுகிறது. டீமின் பெயரைச் சொன்னால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். எந்த டீமை அழைப்பது, எதை விடுவது என்பது சில ஊர்களில் ஆட்டத் திறமையைப் பார்த்து முடிவாவதில்லை. 2025-இல் இந்தப் பகுதியில் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டுப்பட்டபோது, கபடியில் தோற்ற ஆத்திரமும் காரணமாகச் செய்திகளில் சொல்லப்பட்டது. அதே ஆண்டு பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று வந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் வென்று வந்தவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏறப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே வந்து சேரவேண்டும். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக்குப் பொதுவாக, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு மேட், பயிற்சி தெரிந்த ஒருவர், மாதம் ஒருமுறை முழங்காலைப் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட். கபடியைக் கொண்டாடும் மாவட்டத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2022-இல் பண்ருட்டிப் பக்கம் இளம் வீரர் ஒருவர் பாடிப் போன இடத்தில் விழுந்து, எழாமலே இறந்துபோனார். நான் பார்த்த மின்னொளிப் போட்டியில் சீரியல் செட் இருந்தது, ட்ரோன் இருந்தது, வாணவேடிக்கை இருந்தது. டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. அடுத்த கொடைக்கு நன்கொடை நோட்டு உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ வரும். போஸ்டரில் உங்கள் படம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தை ஆம்புலன்ஸ் வாடகைக்கு என்று எழுதி, கமிட்டித் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.