மயிலுக்கு வில்லு

விசையைத் தட்டுனா அம்பு பாயுற வில்லால அமெரிக்காவுல காட்டு வான்கோழி வேட்டையாடுற வீடியோவை அண்ணன் மகன் காட்டுனான். அங்க அதுக்கு லைசென்சு, சீசன் எல்லாம் உண்டாம். "சித்தப்பா, நம்ம மயிலுக்கும் இப்பிடி ஒண்ணு செஞ்சா என்ன?"ன்னான்.

அவன் ஆத்திரம் நியாயந்தான். தேவதானப்பட்டி மலையடிவாரத்துல கடலை போட்டுப் பாருங்க. விதைச்ச மறுநாளே கூட்டமா எறங்கி, சால் பிடிச்சாப்ல வரிசையாக் கிளறித் தின்னுட்டுப் போயிரும். மறுவிதைக்கும் ஆளுக்கும் திரும்பக் காசு. தக்காளின்னா ஒரு கொத்து கொத்திட்டு அடுத்த பழத்துக்குப் போகும். முழுசாத் தின்னாலாவது மனசு ஆறும்.

எங்க அப்பா காலத்துல கவுதாரிக்குக் கண்ணி வைப்பாங்க. மயிலைத் தொட மாட்டாங்க, முருகன் வாகனம். 1963ல அது தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. கொன்னா மூணுலேர்ந்து ஏழு வருசம் ஜெயில். "வில்லைத் தூக்கிப் போடு"ன்னேன்.

சில ஊர்ல தானியத்துல விஷம் வைக்கிறாங்க. புறாவும் மைனாவும் சேர்ந்து சாகும். அது விவசாயமே இல்ல.

இப்போதைக்கு வேலியில பழைய சேலையைக் கட்டிட்டு, விடியக்காலம் தகரத்தைத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். மூணு நாள் பயந்துச்சு. நாலாம் நாள் சேலை கட்டுன கம்பு மேலயே உக்காந்து அகவுது.