பக்கத்துக் குரல்

வெருகலில் பாட்டுக்குக் குறைவில்லை. சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா தொடங்கினால் ஆற்றங்கரை முழுக்கக் காவடிப் பாட்டும் அரோகராவும்தான். அங்கே சுருதி பார்ப்பவர் யாருமில்லை. அவரவர் தொண்டைக்கு எட்டிய உயரத்தில் பாடுகிறார்கள், பக்திக்கு அது போதும். அதே வீட்டுப் பிள்ளைகளைத் பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு இசை பழக்க நிறுத்தும்போதுதான் எனக்கு எம்.பி. சீனிவாசன் தேவைப்படுகிறார்.

1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர் அவர். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டெழுதினார். அடுத்த ஆண்டு யேசுதாஸின் முதல் திரைப்பாடலைப் பதிவுசெய்தவரும் அவரே. சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றார்; ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் பேராசிரியராக நடித்தார். இத்தனையும் இருக்க, அவருடைய பெரிய வேலை சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியே மேடையேறத் துணியாத சாதாரண ஆட்களைச் சேர்த்து, பாரதியைப் பல குரல்களில் பாட வைத்தார்.

அது எவ்வளவு கடினம் என்பது பழக்குகிறவருக்குத் தெரியும். நம் சங்கீதம் ஒற்றைக் குரலுக்கென்று வளர்ந்தது. பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டைச் சுருதி சுகம், குரல் உடைந்த பெடியன்களுக்கு ஒரு கட்டை. எல்லாரையும் மூன்று கட்டையில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் திணறும். கமகமும் அப்படித்தான்: ஒருவர் அசைத்தால் அழகு, இருபது பேர் ஆளுக்கொரு விதமாக அசைத்தால் சுரமே கலங்கிவிடும்.

சீனிவாசன் குழுவின் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. எல்லாருக்கும் ஒரே வரி வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் மெட்டைப் பாடட்டும், பெடியன்கள் கீழே சட்சமத்தையோ பஞ்சமத்தையோ நீட்டிப் பிடிக்கட்டும். தொடக்கத்துக்கு மோகனம் நல்லது. அதன் ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அரைச்சுர இடைவெளியில் ஒட்டி நிற்பதில்லை. ஆகவே எவை சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது.

மெட்டை இரண்டு நாளில் பிடித்துவிடுவார்கள். கேட்கப் பழகத்தான் மாதங்கள் ஆகும். “பக்கத்தில நிற்கிற ஆளின்ர குரல் உனக்குக் கேட்கேல்லையெண்டா நீ கத்துறாய்” என்பேன். நல்ல குரல் வாய்த்த பிள்ளைக்கு இது கசக்கும். “சேர், நான் மெல்லப் பாடினா என்ர குரல் ஆருக்குத் தெரியும்?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குத் தனிப்பாட்டுப் போட்டியும் இருக்கிறது, அதிலும் பாடட்டும். ஆனால் ஒதுங்கி நின்ற பெடியன் அந்த நீண்ட பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் மெட்டைக் கேட்கும்போது, அவன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். போட்டி முடிவைவிட எனக்கு அது பெரிது.

சீனிவாசன் 1988 மார்ச்சில், லட்சத்தீவில் சேர்ந்திசை பழக்கப் போன இடத்தில் காலமானார். வயது 62. படங்களில் பேர் வாங்கிய ஒருவர் அந்த வயதிலும் கடல் தாண்டிப் போய்ப் புதியவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

அடுத்த தவணையில் மூன்றாவது வரி ஒன்றைச் சேர்க்கப் போகிறேன். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.